தலையில் வந்ததை வயிற்றில் தேடினார்கள்

எனக்கு நோய் வந்தது தலையில். எல்லோரும் தேடியது வயிற்றில். இந்த இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். நிறுத்தினால் என் கோபம் ஆறாது.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. மடுல்கெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அஞ்சாம் வகுப்பு வரை படித்து, அதன் பிறகு முதுகில் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறந்தால் காது சூடாகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. பேத்தி வினோ, பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன் என்றாள். பிழையைத் திருத்து, கோபத்தைத் திருத்தாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் செத்துப்போன பிறகு மகன் சிவா என்னைக் குண்டசாலைக்குக் கூட்டி வந்துவிட்டான். அவனுக்குக் கண்டி டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை. மருமகள் சாந்தி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறாள். சாந்திக்கு வாய் நீளம். எனக்கும் அவளுக்கும் பெரிய ஒட்டுதல் இருந்ததில்லை. அவள் பேசிக்கொண்டே இருப்பாள், நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். அது ஒட்டுதல் இல்லாமலே ஓடிவிடும்.

பொங்கல் முடிந்த கையோடு எனக்குக் காய்ச்சல் வந்தது. கூடவே தலைவலி. நெற்றிக்குப் பின்னால் யாரோ கல் உடைக்கிற மாதிரி. இரண்டு மாத்திரை போட்டதும் காய்ச்சல் விட்டது. தலைவலி விடவில்லை. அதன் பிறகு வயிறு நின்றுபோனது.

நின்றுபோனது என்றால் எப்படி என்று கேட்பீர்கள். சாப்பிட்டது கீழே இறங்கவில்லை. இரண்டு வாய் கஞ்சி குடித்தால் நெஞ்சு வரை வந்து நின்றது. பிறகு வாந்தி. நேற்றுச் சாப்பிட்டது இன்றைக்கு அப்படியே வந்தது. வெளிக்குப் போகவில்லை. காற்றுக்கூடப் பிரியவில்லை. வயிறு தப்பு மேளம் மாதிரி விறைத்துக்கொண்டு வந்தது.

குண்டசாலைச் சந்தியில் இருக்கிற டிஸ்பென்சரிக்குச் சிவா கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் சிங்களத்தில் அவனிடம் கேட்டார். அவன் சிங்களத்தில் பதில் சொன்னான். நான் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் சிங்களம் விளங்கும். அவர் அவனிடம், அம்மா தோட்டத்தில் வேலை செய்தவரா என்று கேட்டார். ஆமாம் என்றான். அந்தப் பெண்களுக்கு இது வழக்கம்தான், கேஸ்ட்ரிக், தண்ணீர் குடிக்கச் சொல்லு என்று மருந்துத் துண்டு எழுதிக் கொடுத்தார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

வழக்கம்தான் என்ற அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மாத்திரை கேட்கவில்லை. தோட்டத்திலிருந்து என் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, இது கேஸ்ட்ரிக் இல்லை, தொக்கம் என்றார். பொங்கலுக்கு நெய் போட்ட சோறு தின்றிருக்கிறாள், அது குடலில் ஒட்டிக்கொண்டது, எடுக்க வேண்டும் என்றார். எங்கள் ஆட்களுக்கு வயிறு என்றாலே தொக்கம்தான். மடுல்கெல்லைக்கு மேலே ஒருவர் இருக்கிறார். வயிற்றில் எண்ணெய் தடவி, அமுக்கி, ஒரு சின்னக் குழலை வைத்து உறிஞ்சி, ஒட்டிக்கிடப்பதை எடுத்துக் காட்டுவார். அந்த மலைப்பாதையில் த்ரீவீலில் நான் எப்படிப் போய் வந்தேன் என்பது எனக்கும் தெரியாது. பாதி ஞாபகத்தில் இல்லை. மீதியைச் சாந்தி சொன்னாள்.

அந்த ஐயா உறிஞ்சி, வெற்றிலையில் துப்பிக் காட்டினாராம்.

"பாருங்க, பொங்கச் சோறு. நெய்யோட ஒட்டிக் கிடந்திச்சு."

சாந்தி குனிந்து பார்த்திருக்கிறாள். "ஏங்கய்யா, நாங்க சக்கரை போட்டுத்தானே பொங்கினோம். இது வெள்ளை வெளேர்னு இருக்கே?"

"வயித்துக்குள்ள இத்தன நாளு கிடந்தா சாயம் போகாதாம்மா?"

"சாயம் போச்சு, சரி. இவங்க அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் எடுத்த வாந்தியில சோறு மட்டும் தப்பிச்சு உள்ள உக்காந்திருந்திச்சாக்கும்."

அண்ணன் அவளை அதட்டினார். சோறு வெளியே வந்துவிட்டது என்று எல்லோருக்கும் திருப்தி. எனக்கு வயிறு அப்படியே இருந்தது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது என் தலையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அதை வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் வெளியே சொல்லவில்லை.

சீனி டின் பக்கத்தில் இருக்க, உப்பைப் போட்டு டீ ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். சாந்தியை ராசாத்தி என்று கூப்பிட்டிருக்கிறேன். ராசாத்தி என் தங்கை, பிள்ளைப்பேற்றில் செத்துப்போனவள். வலது வாயோரம் அடிக்கடி வெட்டி இழுத்தது. இழுக்கும் முன்னால் எனக்கு ஒரு வாசம் வரும். தேயிலை கருகுகிற வாசம். ஃபேக்டரியில் சூடு கூடிப்போனால் வருமே, அந்த வாசம். குண்டசாலையில் எங்கள் வீட்டுப் பக்கம் ஃபேக்டரி ஏது? "தேயில கருகுது, போய்ச் சொல்லுங்க" என்று நான் எழுந்து வாசலுக்குப் போவேனாம்.

சிவா எல்லோரிடமும் ஒன்று சொல்லி வைத்திருந்தான். அம்மாவுக்கு வயிற்று வருத்தம். அவ்வளவுதான். வேறு எதுவும் யாரிடமும் பேசக்கூடாது.

காரணம் வினோவின் கல்யாணப் பேச்சு. மாத்தளைப் பக்கமிருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்தது. பையன் வங்கியில் வேலை. எங்கள் ஆட்களிடம் ஒரு வீட்டில் பெண் எடுக்கும்போது முதலில் விசாரிப்பது நகையை அல்ல. அந்த வீட்டில் யாருக்காவது தலை சரியில்லையா என்பதைத்தான். அப்பாயிக்குப் பைத்தியமாம் என்று ஒரு வார்த்தை பஸ் ஏறிப் போனால் போதும். ஆகவே என் தலையைப் பூட்டி வைத்தான். வயிற்றை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. அங்கே நல்லவர்களும் இருந்தார்கள். இரண்டு பேருக்கு ஒரு கட்டில் என்றில்லாமல் எனக்குத் தனிக் கட்டில் கிடைத்தது, அதுவே புண்ணியம்.

மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் விட்டார்கள். விடும்போது, விழுங்குங்க, விழுங்குங்க என்றார்கள். தொண்டையில் கம்பளிப்பூச்சி இறங்குகிற மாதிரி இருந்தது. இறங்கியதும் பச்சையாகத் தண்ணீர் வெளியே வந்தது. கையில் சேலைன். எக்ஸ்ரே எடுத்தார்கள். குடல் ஊதிப்போய் இருக்கிறது, எங்கோ அடைப்பு இருக்கலாம் என்றார்கள்.

காலையில் பெரிய டாக்டர் வந்தார். கூடவே படிக்கிற பிள்ளைகள் ஒரு கூட்டம். சட்டையைத் தூக்கினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒவ்வொருவராக வயிற்றைத் தட்டினார்கள். காதுக் குழாயை வைத்துக் கேட்டார்கள். சத்தமே இல்லை என்று ஒருவருக்கு ஒருவர் சொன்னார்கள். அவர்கள் எல்லோரும் கழுத்துக்குக் கீழே பார்த்தார்கள். ஒருவர் கழுத்துக்கு மேலே பார்த்திருந்தால் என் வாயோரம் இழுத்ததைக் கண்டிருப்பார். பெரிய டாக்டர் சிவாவைக் கூப்பிட்டு, நாளைக் காலையில் வெட்டிப் பார்க்கலாம், வயதானவர், ஆபத்து உண்டு, சம்மதமா என்றார். சிவா சரி என்றான். கையெழுத்தும் வைத்தான்.

என்னிடம் கேட்கவில்லை. எனக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும். சம்பள நாளில் மற்றவர்கள் பெருவிரலை மையில் அழுத்தும்போது என் பெயரை முழுசாக எழுதியவள் நான்.

பின்னேரம் ஆட்கள் பார்க்க வரும் நேரத்தில் ஒரு பெண் டாக்டர் வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஒல்லியாக, தூக்கம் கெட்ட கண்ணோடு இருந்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் கேட்க வேண்டியதைக் கேட்க வந்திருந்தாள். சிவாவும் சாந்தியும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"அம்மா, நாளைக்கு ஒப்பரேசன் எல்லோ? கொஞ்சம் கதைக்கவேணும். வேற ஏதும் வருத்தம் இருக்கோ? பிரஷர், சீனி?"

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர்," என்றான் சிவா.

"தலையிடி? வலிப்பு? ஆக்களை மாறி அடையாளம் பிடிக்கிறது?"

"இல்லீங்க. வயசாச்சு, அவ்வளவுதான்."

"இருக்குங்க டாக்டர்," என்றாள் சாந்தி.

"சாந்தி!"

"என்ன சாந்தி? நாளைக்குக் காலையில வயித்தக் கிழிக்கப் போறாங்க. இன்னைக்கும் பேசக் கூடாதா?"

"வெளிய வா. வெளிய வந்து பேசு."

"வெளிய வந்து யாருகிட்டப் பேசுறது, வாசல்ல நிக்கிற வாச்சர்கிட்டயா? டாக்டர், இவங்க உப்பப் போட்டு டீ ஊத்துறாங்க. செத்துப்போன தங்கச்சி பேரச் சொல்லி என்னையக் கூப்பிடுறாங்க. வாயி இழுக்குது. தேயில கருகுதுன்னு எந்திரிச்சு ஓடுறாங்க. எல்லாம் வயித்து வருத்தத்தோட சேந்துதான் வந்திச்சு."

"டாக்டர், இது வந்து குடும்ப விசயம். பொண்ணுக்குக் கலியாணம் பேசியிருக்கு..."

"கலியாணத்துக்கு மாமி உசிரோட வேணுமா வேணாமா, அதச் சொல்லுங்க மொதல்ல!"

பக்கத்துக் கட்டில் சோமாவதி அக்கா சிங்களம் மட்டும் தெரிந்தவர். தமிழ் விளங்காமலே எழுந்து உட்கார்ந்து, சண்டையை ரசித்துக்கொண்டிருந்தார். நான் போர்வையைக் கண் வரை இழுத்துக்கொண்டேன். வார்ட்டு முழுக்க எங்களைப் பார்த்தது.

அந்த டாக்டர் பிள்ளை சிவாவிடம் குரல் உயர்த்தாமல் சொன்னாள்: "ஐயா, நீங்கள் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ. நான் அம்மாவோட கதைக்கவேணும்."

அவன் போனான். அவள் போர்வையை மெல்ல இறக்கி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இத்தனை நாளில் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

"அம்மா, வெளிக்குப் போய் எவ்வளவு நாளாச்சுது?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. "அது... எங்களுக்குச் சகஜம்தாங்க."

"என்ன சகஜம்?"

சாந்திதான் சொன்னாள். "தோட்டத்துல வேல செஞ்சவங்க டாக்டர். மலையில கக்கூசு ஏது?"

இப்போது அந்த வழக்கத்தைச் சொல்கிறேன். காலையில் மலைக்கு ஏறினால் மத்தியானம் வரைக்கும் கொழுந்து பறிக்கிற நிரையை விட்டு அசைய முடியாது. சுற்றிலும் தேயிலை, இடுப்பு உயரம். பின்னால் கங்காணி, அவர் ஆம்பளை. மறைவுக்குப் போனால் அட்டை கடிக்கும். போய்விட்டு வந்தால், எங்கே போனே என்று எல்லோர் காதிலும் விழும்படி கங்காணியின் கேள்வி. அதனால் அடக்கினோம். காலையில் தண்ணீர் குடிக்காமல் போகப் பழகினோம். வயிறு கூப்பிட்டால், சும்மா கிட என்று அதற்குச் சொல்லப் பழகினோம். கொஞ்ச காலத்தில் வயிறு கூப்பிடுவதையே விட்டுவிடும். நாங்கள் குடியிருந்த லயத்தில் எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான். அதைப் பற்றிப் பேசுவதும் கிடையாது. பொம்பளை அதைப் பேசினால் அசிங்கம். தேயிலை வெளிநாட்டுக்குப் போனது, எங்கள் வயிறு எங்களோடு இருந்தது. ஒரு கக்கூஸ் கட்டிக் கொடுக்க வக்கில்லாதவர்கள் எங்களுக்கு அதை வழக்கம் ஆக்கினார்கள். பிறகு ஒரு டாக்டர் கதிரையில் சாய்ந்துகொண்டு, அந்தப் பெண்களுக்கு வழக்கம்தான் என்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் குடல் ஒரேயடியாக நின்றுபோனதை, பழைய அடக்கம் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதை நான் அப்போது இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை. தட்டுத்தடுமாறித்தான் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்னால் அந்த வாசம் வந்தது.

"தேயில கருகுது," என்றேன்.

அவள் சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள். வாயோரம் இழுத்தது. அவள் என் தாடையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, இழுத்து முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

"கெதியா வாறன். அம்மாவுக்கு ஒண்டும் குடுக்காதேங்கோ," என்று சாந்தியிடம் சொல்லிவிட்டுப் போனாள். நடக்கவில்லை, ஓடினாள்.

அடுத்த நாள் காலையில் என்னை ஆபரேஷனுக்குக் கொண்டு போகவில்லை. வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். அடைப்பு எங்கேயும் இல்லை. வெட்டியிருந்தால் ஒன்றுமே இல்லாத வயிற்றை வெட்டியிருப்பார்கள். பிறகுதான் தலையை ஸ்கேன் செய்தார்கள். பெரிய டாக்டர் வந்தார். இதையெல்லாம் யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று சிவாவைக் கடிந்தார். அது நியாயம். ஆனால் அவர் கேட்கவும் இல்லை. அதுவும் நியாயம்தானே?

முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். அதற்கு மரவட்டை மாதிரி சுருண்டு படுக்க வேண்டும். முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சாந்தி பிடித்துக்கொண்டாள். மூளையைச் சுற்றியிருக்கும் நீர்தான் முதுகுக்கும் இறங்குகிறதாம். அதைப் பார்த்தால் மேலே என்ன நடக்கிறது என்று தெரியுமாம். தலையில் வயர்களை ஒட்டி இன்னொரு சோதனையும் செய்தார்கள். வாய் இழுக்கிறபோது மூளையில் மின்சாரம் தப்பாக ஓடுகிறதா என்று பார்க்க.

எனக்கு வந்தது மூளை அழற்சி. மூளை வீங்கிச் சூடேறிப் போவது. கிருமியாலும் வரும், உடம்பு தன் மூளையையே அடிப்பதாலும் வரும். முதலில் கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள். பிறகு முடிவுகள் வந்ததும், உங்களுக்கு இரண்டாவது வகை என்று சொல்லி வேறு மருந்து ஏற்றினார்கள். காய்ச்சலை விரட்ட எழும்பின உடம்பின் காவல், காய்ச்சல் போன பிறகும் அடிப்பதை நிறுத்தவில்லையாம். தோட்டத்தில் திருடனைப் பிடிக்க வைத்த வாச்சர், திருடன் ஓடிய பிறகு லயத்து ஆட்களை அடிப்பானே, அப்படி என்று நான் விளங்கிக்கொண்டேன்.

சாந்திக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. "தலையில வந்தா தலைதானே வலிக்கணும் டாக்டர்? குடல் ஏன் நிக்குது?"

அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "மூளையின்ர அடியில இருந்து ஒரு நீளமான நரம்பு கழுத்தால இறங்கி வயித்துக்குப் போகுது. இரைப்பையும் குடலும் சாப்பாட்டைத் தள்ளுறதுக்கு அதுக்குள்ளால சொல்லு போய் வருது. குடலுக்குத் தன்ர பாட்டில வேலை செய்யிற நரம்பும் இருக்கு. எண்டாலும் மேல குழம்பினா, கீழயும் குழம்பும். சில பேருக்கு வயித்தால போகும். சில பேருக்கு அம்மா மாதிரி அப்பிடியே நிண்டுபோகும்."

"கங்காணிக்குப் பித்துப் பிடிச்சா நிரை நின்னுபோற மாதிரி," என்றேன் நான். வார்ட்டுக்கு வந்த பிறகு நானாக, தெளிவாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவள் சிரித்தாள். "ஓம் அம்மா. அதேதான். ஆனா ஒண்டு, வயிறு இறுகின எல்லாருக்கும் மூளையில வருத்தம் எண்டு நினைக்கக் கூடாது. இது அரிது. வயித்தோட சேர்ந்து தலையும் குழம்பினா ரெண்டையும் சேர்த்துச் சொல்லவேணும். ஒண்டை மறைச்சா நாங்கள் மற்றதைத்தான் வெட்டுவம்."

அவள் சிரித்துக்கொண்டு சொன்னாலும் நான் சிரிக்கவில்லை.

தலை தெளிந்தது முதலில். குடல் சோம்பேறி, பின்னால்தான் வந்தது. தினமும் காலையில் நர்ஸ் மிஸ் வந்து, வார்ட்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, காற்றுப் போனதா என்று சிங்களத்தில் கேட்பாள். நான் கண்ணை மூடிக்கொள்வேன். என் வீட்டுக்காரரிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. ஒரு காலையில் அது போனது. சத்தத்தோடு போனது. சோமாவதி அக்கா, "மிஸ்! மிஸ்! தங்கச்சிக்குப் போயிருச்சு!" என்று சிங்களத்தில் கத்தி, அந்தக் கோடி வரை செய்தியைக் கொண்டு சேர்த்தார். யாரோ கை தட்டினார்கள். சாவு வரைக்கும் போய்த் திரும்பினவளுக்கு அதுதான் மேளம்.

மூக்குக் குழாயை எடுத்தார்கள். சாந்தி வீட்டிலிருந்து கஞ்சித் தண்ணீர் வடித்துக்கொண்டு வந்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிறவள், ஒவ்வொரு கரண்டிக்கும் வாய்மூடிக் காத்திருந்தாள். இறங்கியதா என்று என் தொண்டையைப் பார்ப்பாள். அதற்கு என்ன கைம்மாறு செய்வது? "உன் கஞ்சியில உப்பு இல்ல," என்றேன். "நீங்கதான் எல்லாத்தையும் டீயில போட்டுத் தீத்துட்டீங்களே மாமி," என்றாள்.

சிவா தினமும் வருவான். கடை முடிந்து, பஸ் பிடித்து, இளநீர் வாங்கிக்கொண்டு வருவான். என் காலைப் பிடித்துவிடுவான். கெட்ட பிள்ளை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். கெட்டவன் செய்திருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

ஒரு நாள் கேட்டேன். "என் வயித்த வெட்டச் சரின்னு சொன்னியே. என் தலையப் பத்தி ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு என்னப்பா கேடு?"

"வினோவுக்காகத்தாம்மா. நல்ல எடம்..."

"வயித்துல வந்தா வருத்தம், தலையில வந்தா வெக்கமா? ரெண்டும் என் ஒடம்புதானே?"

"ஊரு அப்படிப் பாக்குதும்மா. நான் என்னா செய்ய?"

"ஊரா வந்து கையெழுத்து வச்சிச்சு?"

அவன் கையிலிருந்த இளநீரை என்னிடம் நீட்டினான். கண் கலங்கியது. நான் அந்த இளநீரைக் குடித்தேன். மன்னித்துக் குடித்ததாக நினைக்க வேண்டாம். தாகம்.

வீட்டுக்கு வந்த பிறகு மருந்தால் முகம் ஊதிப் பூசணி மாதிரி ஆனது. கிளினிக்குக்குப் போய்வருகிறேன். வலிப்புக்கு இன்னும் மாத்திரை உண்டு. சில பெயர்கள் வாயில் வர மறுக்கின்றன. தேயிலை கருகுகிற வாசம் வருவதில்லை. வயிறு ஒழுங்காக வேலை செய்கிறது. இதை எழுதும்போதும் காது சூடாகிறது. எழுதத்தான் வேண்டும்.

அப்புறம் மாத்தளைக்காரர்கள் பெண் பார்க்க வந்தார்கள். நான் உள் அறையில் இருந்தால் நல்லது என்று சிவா நினைத்தான். வாயால் சொல்லவில்லை, கதிரைகளை எண்ணிப் போட்ட விதத்தில் தெரிந்தது. வினோ உள்ளே வந்து, "அப்பாயி, நீங்க வராம நான் தட்டத் தூக்க மாட்டேன்," என்று என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தன் கதிரையில் உட்கார வைத்தாள்.

பையனுடைய அம்மா என் வயதுக்குக் கொஞ்சம் குறைந்தவர். பட்டுச் சேலை கட்டியிருந்தார். கையைப் பார்த்தேன். விரல் நுனியில் கொழுந்துக் கறை போன பிறகும் நிற்கிற அந்தக் கறுப்பு வெடிப்பு இருந்தது. மலையில் ஏறி இறங்கினவர்தான்.

"அம்மாவுக்குச் சொகமில்லாம இருந்திச்சாமே. என்னா வருத்தம்?" என்று கேட்டார்.

"கேஸ்ட்ரிக்குங்க," என்றான் சிவா. "இப்ப சொகம்."

சாந்தி என்னைப் பார்த்தாள். ஊர்ப் பேச்செல்லாம் பேசுகிறவள், அந்த நேரம் எனக்கு இடம் விட்டுப் பேசாமல் இருந்தாள். எனக்கு வழக்கம் போலக் காது சூடாகியது. ஆனால் அந்த வார்ட்டில் போர்வைக்குள் ஒளிந்தது ஞாபகம் வந்தது. வெட்டுவதற்குக் கத்தி தயாராக இருந்தது, நான் போர்வைக்குள் இருந்தேன்.

"கேஸ்ட்ரிக் இல்லீங்க," என்றேன். "மூளையில வந்திச்சு. மூளை வீங்கி, குடல் நின்னுபோச்சு. ஆள் மாறிப் பேசினேன். வாயி இழுத்திச்சு. வெளிக்குப் போகல்ல. மருந்து ஏத்தினாங்க, நல்லாயிட்டேன். பைத்தியம் இல்ல, வருத்தம். அது எனக்கு வந்திச்சு, பேத்திக்கு இல்ல. இதக் கேட்டு நீங்க எந்திரிச்சுப் போறதுன்னா போகலாம். டீயக் குடிச்சிட்டுப் போங்க."

சிவா சுவரைப் பார்த்தான். பையனின் அப்பா டீயைப் பார்த்தார். பையன் வினோவைப் பார்த்துச் சிரித்ததாகச் சாந்தி பிறகு சொன்னாள், நான் அதைக் கவனிக்கவில்லை.

பையனுடைய அம்மா எழுந்தார். போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கதிரையைத் தூக்கி என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஆம்பளைகளுக்கு முதுகைத் திருப்பி, சேலைத் தலைப்பை வாயில் பொத்தி, என் காதுக்குள் வந்து கேட்டார்.

"அக்கா, அந்த வெளிக்குப் போறது... எனக்கும் நாலஞ்சு நாளைக்கு ஒருக்காத்தான். மலைக்குப் போன காலத்துல இருந்தே. யாருகிட்டயும் சொன்னதில்ல. நீங்க டாக்டர்கிட்ட எப்படிச் சொன்னீங்க?"

நான் அவருடைய கையை வாயிலிருந்து எடுத்துவிட்டேன்.

"சத்தமாவே கேளுங்க தங்கச்சி," என்றேன். "அவங்களும் கேக்கட்டும்."